ஆச்சியும் பேரப்பிள்ளைகளும் வாஷிங்டனில்

கேள்வி: மகளைப் பார்க்க வாஷிங்டன் போகிறேன். பேரனுக்கு 8 வயது, பேத்திக்கு 12. அங்கே கறுப்பின மக்களின் வரலாறு, கலைக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாமே, பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பயந்துவிடுவார்களா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகப் போங்கள் ஆச்சி. 2016-இல் திறந்தது, கட்டணம் கிடையாது, ஆனால் நேரம் குறித்த அனுமதிச் சீட்டை மகளிடம் சொல்லி முன்னாடியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பூமிக்கு அடியில் வரலாறு, மேல்மாடிகளில் பாட்டு, கலை, விளையாட்டு. கீழேயிருந்து மேலே ஏறுவதுதான் வழக்கம். சின்னவனுக்காக நான் தலைகீழாகச் சொல்வேன்: முதலில் பாடகர் சக் பெர்ரியின் சிவப்புக் காடிலாக் கார், அப்புறம் கீழே. 1955-இல் 14 வயதில் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் சவப்பெட்டியும் அங்கே இருக்கிறது. பேரனுக்கு அது வேண்டாம், பேத்திக்கு விஷயத்தை முன்னமே சொல்லிவிட்டுக் காட்டலாம்.

விட்டுவிடக் கூடாதது அந்தப் பழைய ரயில் பெட்டி. வெள்ளையருக்கு ஒரு பாதி, கறுப்பருக்கு ஒரு பாதி. கறுப்பர் பக்கம் சாமான் வைக்கத் தட்டு இல்லை, கழிவறையும் சின்னது. 'ஏன் ஆச்சி இப்படி?' என்று கேட்பார்கள். 1920-களில் நம்ம சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைச் சாதி பார்த்துப் பிரித்து உட்காரவைத்துச் சோறு போட்ட கதையைச் சொல்லுங்கள், அதை மறைத்து அமெரிக்காக்காரனை மட்டும் திட்டினால் பன்னிரண்டு வயசு கண்டுபிடித்துவிடும்.

அரை நாளாவது நடக்கணும், அதனால் நல்ல செருப்பு. அல்வாப் பொட்டலத்தைக் காட்சிக்கூடத்தில் மட்டும் பிரித்துவிடாதீர்கள்!