வாசகர் கேள்வி – பதில்: குளிர் நாட்டு வீடும் மின்பட்டியலும்

கேள்வி: நாங்கள் நால்வர் உள்ள குடும்பம். வீட்டு மின்குமிழ்கள் எல்லாவற்றையும் எல்.ஈ.டி.யாக மாற்றிய பிறகும் மாதம் 130 அலகுக்குக் குறையாமல் வருகிறது. சமையல் விறகடுப்பில்தான், குளிக்கும் நீரை மட்டும் வாளிக்குள் மின் கொயில் போட்டுச் சுடவைக்கிறோம். அதிகச் செலவில்லாமல் பட்டியலைக் குறைக்க வழியுண்டா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: குமிழை மாற்றியது நல்ல காரியம், ஆனால் உங்கள் வீட்டு மின்சாரம் போகிற இடம் குளியலறை வாளி. ஒரு 9 வாட் குமிழ் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தாலும் 30 நாளில் 1.35 அலகுதான் ஆகும். 15 பாகை குளிரில் இருக்கும் 20 லீற்றர் நீரை 40 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.6 அலகு வேண்டும். நாளுக்கு நான்கு வாளி என்று வைத்தால் மாதம் 70 அலகு குளிப்பதற்கே போய்விடுகிறது. கொழும்பில் இருப்பவர்கள் எழுதும் சிக்கனக் குறிப்புகளில் மின்விசிறியும் குளிரூட்டியும் வருமே தவிர இந்த வாளி வராது. அவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை.

அந்த 70 அலகைக் கழித்தால் உங்கள் கணக்கு 60 அலகை ஒட்டி நிற்கும். இலங்கையின் வீட்டுப் பாவனை மின்கட்டணத்தில் அந்த 60 முக்கியமான எல்லை. அதைத் தாண்டிய மாதத்தில் முதல் அலகிலிருந்தே வேறு அட்டவணைப்படி கணக்கிடுகிறார்கள். ஆகவே எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு ஐந்து அலகு மிச்சமும் பெரிய மிச்சமே.

விறகடுப்பு ஏற்கனவே எரிகிற வீட்டில் நீருக்குத் தனியாக எதையும் எரிக்க வேண்டியதில்லை. ‘அனகி’ என்று சந்தையில் விற்கும் இரண்டு வாய்க் களிமண் அடுப்பை வாங்கி, சுற்றிலும் சேறு அணைத்துப் பதித்துக்கொள்ளுங்கள். முன்வாயில் சோறு கொதிக்கும்போது அதைக் கடந்து வரும் தீ, பின்வாயிலுள்ள நீர்ப்பானையைச் சுடவைக்கும். மூன்று கல் அடுப்பில் அந்தச் சூடு சுவருக்கும் கூரைக்கும்தான் போகிறது. பானைக்கு மூடி அவசியம். கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது கிடைக்கும் குச்சி) எரிப்பவர்கள் அதை மழை படாத இடத்தில் நன்றாக உலரவிட்ட பின்பே எரிக்க வேண்டும். ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி அதன் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே தீர்ந்து, எஞ்சுவது புகைதான்.

காலையில் குளிப்பவர்களுக்கு இன்னொரு வழி. இரவுச் சமையல் முடிந்ததும் கொதித்த 10 லீற்றர் பானையை மூடியோடு பழைய கம்பளியால் இறுகச் சுற்றி, அடியில் மடித்த சாக்கு போட்ட மரப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். விடியற்காலையில் அந்த நீர் 65 பாகையில் இருந்தாலே, குளிர்ந்த நீர் கலந்து ஒரு முழு வாளி வெந்நீர் கிடைக்கும். தை, மாசியில் துகள் பனி (உறைபனி) விழுகிற நாட்களில் பகல் வெயில் காட்டமாகவே அடிக்கும். கறுப்பு ஹோஸ் குழாயை நீர் நிரப்பிக் கூரைமேல் சுருட்டிவைத்தால் பிற்பகல் மூன்று மணிக் குளியலுக்கு அடுப்பும் வேண்டாம்.

சமையலில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். உயரம் கூடக்கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது சுமார் 94 பாகை. கடலை, பருப்பு வேக நேரம் எடுப்பது அதனால்தான். வீட்டில் பிரஷர் குக்கர் இருந்தால் விருந்து நாளுக்கென்று மேலே அடுக்கிவைக்காமல் அன்றாடம் எடுங்கள்.

கேள்வி: தகரக் கூரை போட்ட லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிறோம். இரவில் குளிர் தாங்க முடியவில்லை. மழை இல்லாத நாளிலும் விடியும்போது கூரையிலிருந்து சொட்டுகிறது. தகரம் ஓட்டையா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: மழையின்போது ஒழுகாமல், மழையில்லாத விடியலில் சொட்டுவதென்றால் ஓட்டையாக இராது. மூச்சிலும் சமையலிலும் எழும் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. தகரத்தை ஒட்டாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு ஹார்ட்போர்ட் பலகையாலோ பாயாலோ உட்கூரை அடியுங்கள். இடையில் நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கும். ரிஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) மலிவுதான், ஆனால் எளிதில் தீப்பற்றும். அடுப்புள்ள அறையில் அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பக்கத்துக் காம்பராவில் கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதைத் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம்.

படுக்கும் அறைக் கதவின் அடியில் கை வைத்துப் பாருங்கள். காற்று ஊதினால் பழைய புடவையை நீளமாகச் சுருட்டித் தைத்து இரவில் அங்கே போடுங்கள். அடுப்படியின் புகை வழியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். குளிருக்காகக் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிராபத்து. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: இரவில் குளிர்சாதனப்பெட்டியை நிறுத்திவைத்தால் மிச்சமாகுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: மிகச் சொற்பமே. காலையில் அது மீண்டும் குளிர வேண்டுமல்லவா? அடுப்படியில் இருந்தால் இஸ்தோப்பு (வீட்டு முன்விறாந்தை) பக்கமுள்ள குளிர்ந்த அறைக்கு மாற்றி, பின்புறம் காற்றோட்டம் விடுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் இறப்பர் பட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது.