'கார்டிங் டெஸ்' படத்தை விமர்சகர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

கலவையாகத்தான். 1994இல் ஹ்யூ வில்சன் இயக்கிய படம். மறைந்த முன்னாள் அமெரிக்க அதிபரின் பிடிவாதக்கார மனைவி டெஸ்ஸாக ஷெர்லி மெக்லெய்ன், அவருடைய மெய்க்காப்பாளராக நிக்கோலஸ் கேஜ். இருவரின் உரசலைத்தான் பலரும் ரசித்தார்கள். டெஸ் சிடுசிடுப்பார், கேஜ் விதியைக் காட்டி முறுக்குவார், உடனே பதவியில் இருக்கும் அதிபரே போனில் அழைத்து கேஜைக் காய்ச்சி எடுப்பார். மெக்லெய்னுக்குக் கோல்டன் குளோப் பரிந்துரையும் கிடைத்தது.

குறை சொன்னவர்கள் கைவைத்தது கடைசிப் பகுதியில். டெஸ் கடத்தப்பட்டதும் படம் சட்டென்று த்ரில்லராகிவிடுகிறது. துப்புக்காக, ஆஸ்பத்திரியில் கிடக்கும் டெஸ்ஸின் டிரைவரின் கால்விரலைச் சுடுகிறார் கேஜ். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். அந்தப் புகார் நியாயமானது என்றே எனக்கும் தோன்றுகிறது.