திறந்த கூடத்துக்கு 8 அங்குல சப்வூஃபர் போதுமா?

வணக்கம். கொழிஞ்சாம்பாறை வீட்டில் கூடமும் சாப்பாட்டு அறையும் நடுச்சுவரின்றி ஒன்றாக இருக்கின்றன, மாடிப்படியும் அங்கிருந்தே ஏறுகிறது, 8 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தயவுசெய்து அதில் பணத்தைப் போடாதீர்கள்.

சோபா இருக்கும் இடத்தை மட்டும் அளந்து கணக்குப் போடக் கூடாது. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 17 மீட்டர். சாப்பாட்டு மேஜையைத் தாண்டி மாடிவரை அது பரவிவிடும். மூடிய சிறிய அறை தாழ்ந்த ஒலியைத் தானே தூக்கிக் கொடுக்கும். உங்கள் கூடத்தில் அந்த உதவி மிகக் குறைவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்காக ஜன்னல்களைத் திறந்துவைத்தால் இன்னும் குறையும்.

ஆகவே குறைந்தது 12 அங்குலம், அதுவும் காற்றுத்துளை உள்ள போர்ட் வகைப் பெட்டி. பெட்டி பெரிதாகத்தான் இருக்கும். வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், எத்தனை ஹெர்ட்ஸ்வரை இறங்குகிறது என்று கேளுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? இப்போது ஒன்று வாங்குங்கள், பிறகு அதே மாடலில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒலி 6 டெசிபல்வரை கூடும்.

வைக்கும் இடம்தான் முக்கியம். சப்வூஃபரை சோபாமேல் ஏற்றி, பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து பாருங்கள். எந்த மூலையில் எல்லாச் சுரங்களும் ஒரே சீராகக் கேட்கின்றனவோ, பெட்டிக்கு அதுவே இடம். கிராஸோவரை, அதாவது சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள்.

கூடத்தின் நீளம், அகலம், கூரை உயரம் மூன்றையும் எழுதினால் மாடல்களைப் பார்த்துச் சொல்கிறேன்.