கணினி கேள்வி–பதில்: அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும் சர்வீஸ்

கேள்வி: எங்கள் தோல் கம்பெனியின் உபுண்டு சர்வரில் பில்லிங் சர்வீஸ் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ரேம் கூட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஒன்றரை நிமிடம் என்று கவனித்து எழுதியது நல்லது, விடை அதில்தான் இருக்கிறது. உபுண்டுவில் சர்வீஸ்களைத் தொடங்கி, நிறுத்தி, கவனிப்பது சிஸ்டம்டி (systemd). ஒரு சர்வீஸ் ‘தொடங்கிவிட்டேன்’ என்று சொல்ல அது வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் 90 விநாடி. அதற்குள் தகவல் வராவிட்டால் நிறுத்திவிடும். யூனிட் ஃபைலில், அதாவது அந்த சர்வீஸின் அமைப்புக் கோப்பில், ரீஸ்டார்ட் வரி இருந்தால் மறுபடி கிளப்பும். புரோகிராம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான்.

சர்வீஸின் நிலையைக் காட்டும் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ (systemctl status) கட்டளையை சர்வீஸ் பெயரோடு போட்டுப் பாருங்கள். அந்த 90 விநாடியும் ‘ஆக்டிவேட்டிங்’ (தொடங்கிக்கொண்டிருக்கிறது) என்றே நின்றால் சந்தேகமே வேண்டாம். யூனிட் ஃபைலில் டைப் என்ற வரி ‘ஃபோர்க்கிங்’ (புரோகிராம் தானாகப் பின்னணிக்குப் போகும்) அல்லது ‘நோட்டிஃபை’ (தயார் என்று தானே தகவல் அனுப்பும்) என்று இருக்கும். உங்கள் புரோகிராம் தானாகப் பின்னணிக்குப் போகாத, தகவலும் அனுப்பாத ரகம் என்றால் அந்த வரியை ‘சிம்பிள்’ (காத்திருக்காமல் தொடங்கியதாகக் கொள்வது) என மாற்றி, மாற்றத்தை சிஸ்டம்டி படிக்க டீமன்-ரீலோட் கொடுத்து, பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டைம்அவுட்டை மட்டும் கூட்டாதீர்கள், கோளாறு தள்ளித்தான் போகும்.

அப்படி இல்லையென்றால் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையில், சர்வீஸ் நின்றபோது பதிவான வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 203 என்றால் புரோகிராமின் பாதையோ இயக்கும் அனுமதியோ தவறு. 217 என்றால் யூனிட் ஃபைலில் குறித்த யூசர் சர்வரில் இல்லை. ‘ஓஓஎம்-கில்’ (நினைவகம் தீர்ந்ததால் நிறுத்தப்பட்டது) என்று வந்தால்தான் ரேம் பிரச்சினை.

10 விநாடிக்குள் 5 முறை தொடங்கினால் சிஸ்டம்டி அதற்குமேல் முயலாது. உங்களுக்கு இடைவெளி அதிகம் என்பதால் அந்த வரம்பு எட்டவே எட்டாது.