சிடி ஸ்கேனைவிட அந்தச் சிவப்புச் சிறுநீர்தான் பயப்பட வேண்டியது

கேள்வி: எனக்கு வயது 54. இரண்டு மாதங்களுக்கு முன் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி, எரிச்சல் இல்லை. வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதும் நின்றுவிட்டது. அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி, லேசான கொழுப்புக் கல்லீரல் என்று வந்தது. படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு சிடி நூறு எக்ஸ்ரேவுக்குச் சமம், புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்தேன். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், கிட்னி கெடுமா? பதிலாக எம்ஆர்ஐ எடுக்கலாமா? சிகரெட் உண்டு, அதிகமில்லை.

பதில்: ரத்தம் தானாகவே நின்றிருக்கும், மாத்திரைக்கு அதில் பங்கு இருந்திருக்காது. சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தால் ரத்தம் இப்படித்தான் போக்குக் காட்டும். ஒருநாள் சிவப்பு, அப்புறம் வாரக்கணக்கில் தெளிந்த சிறுநீர். நோயாளியும் நிம்மதியாகிவிடுவார். கிருமித் தொற்று என்றால் பெரும்பாலும் எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் இருக்கும். சந்தேகத்தைத் தீர்க்க அன்றே சிறுநீரைப் பரிசோதித்திருக்கலாம். மிச்ச மாத்திரையை விழுங்கி அந்த வாய்ப்பையும் கெடுத்துவிட்டீர்கள்.

வலியில்லாமல், கண்ணுக்குத் தெரிந்து, ஒரே ஒருமுறை ரத்தம் போனாலும் உங்கள் வயதில் காரணம் தெரிந்தே ஆக வேண்டும். இப்படி வருகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது. புகைப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணமே புகைதான். ஸ்கேன் கதிருக்கு நடுங்குகிற நீங்கள் சிகரெட்டைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்!

நூறு எக்ஸ்ரே கணக்கு பொய்யில்லை, ஆனால் அரைகுறை. நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு அதிகபட்சம் 0.1 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), அவ்வளவு சொற்பம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சும்மா இருக்கும்போதே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது. ஒருமுறை படமெடுக்கும் வயிற்று சிடியில் சுமார் 10. உங்களுக்கு ஒன்றுக்கு மேல் படமெடுப்பதால் கூடலாம். 10 மில்லிசீவர்ட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் ஆயிரத்தில் ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். 54 வயதில் அதுவும் குறைவு. பத்தில் ஒன்றையும் ஆயிரத்தில் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடுத்த பிறகு கதிர் உடம்பில் தங்காது, அதை வெளியேற்றக் கஷாயம் எதுவும் வேண்டாம்.

ஸ்கேன் மேசையில் முதலில் மருந்தில்லாமல் ஒரு படம், கல் இருந்தால் அதில் தெரியும். பிறகு கை நரம்பில் கான்ட்ராஸ்ட் ஏறும்போது உடம்பு சூடாகும், வாயில் உலோகச் சுவை வரும், படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டதோ என்றிருக்கும். போயிருக்காது, பதறாதீர்கள். சில நிமிடம் கழித்து மருந்து சிறுநீர்க் குழாயில் இறங்கும்போது இன்னொரு படம். குழாயின் உட்சுவரில் சின்னக் கட்டி இருந்தாலும் அப்போது புலப்படலாம்.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லைதான், ஆனால் கல்லைக் கோட்டைவிடும். கான்ட்ராஸ்ட் சேராதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதை யோசிப்போம், உங்களுக்கு அவசியமில்லை.

கிட்னிக்கு ஒரே விடை, முன்கூட்டியே ரத்தத்தில் கிரியாட்டினின் பரிசோதனை. அதிலிருந்து கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டும் திறன், குறைவாக இருந்தால் மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்வார்கள். 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அவர்களே தொடங்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்பு கான்ட்ராஸ்ட் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ ஆஸ்துமா இருந்தாலோ ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீர்க்கட்டியை மறந்துவிடலாம். கொழுப்புக் கல்லீரலுக்கு நடை, எடைக் குறைப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு போதும்.

ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் சிஸ்டாஸ்கோப்பிக்கு மறுக்காதீர்கள். சிறுநீர்ப்பைச் சுவரில் தட்டையாகப் படர்ந்த கட்டியை சிடி தவறவிடலாம், சிஸ்டாஸ்கோப்பியில் உள்ளே விடும் மெல்லிய குழாய் கேமரா பெரும்பாலும் பார்த்துவிடும். இந்த வாரமே தேதி வாங்குங்கள். இடையில் சிறுநீரில் ரத்தம் உறைந்து கட்டிகட்டியாக வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தேதிக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.