பந்து நம்மிடம், கோல் அவர்களிடம்: கால்பந்து கேள்வி பதில்

கே: எங்கள் அணி 70 சதவீத நேரம் பந்தை வைத்திருந்தது. 22 ஷாட் அடித்தது. கடைசியில் 0-1 என்று தோல்வி. நண்பர்களில் பாதிப் பேர் ‘அதிர்ஷ்டம் இல்லை’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘தாக்குதலே சரியில்லை’ என்கிறார்கள். யார் சொல்வது சரி?

ப: எத்தனை ஷாட் என்பதை ஒதுக்கிவிட்டு, எங்கிருந்து அடித்தார்கள் என்று பாருங்கள். கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர். பெனால்டி புள்ளியில், அதாவது 11 மீட்டரில் நிற்பவருக்கு அந்தத் திறப்பு சுமார் 37 டிகிரி. நேர் எதிரே 25 மீட்டருக்குப் பின்வாங்கினால் 17 டிகிரி. கோல் கோட்டிலிருந்து அதே 11 மீட்டரில் நின்றுகொண்டு பக்கவாட்டில் 15 மீட்டர் விலகினால் 14 டிகிரிக்கும் குறைவு! பெனால்டி பாக்ஸுக்குள்தான், அதாவது கோலுக்கு முன்னால் வரைந்த பெரிய செவ்வகத்துக்குள்தான் நிற்கிறார்; ஆனால் வெளியே 25 மீட்டரில் நடுவில் நிற்பவரைவிட அவருக்குக் கோல் குறுகலாகத் தெரிகிறது. டிவியில் பார்க்கும்போது ‘பாக்ஸுக்குள் வைத்தே அடிக்கத் தெரியவில்லையே’ என்று திட்டப்படுகிறவர் பெரும்பாலும் இவர்தான்.

ஆட்டத்தின் பதிவு இருந்தால் ஒரு தாளில் பாக்ஸை வரைந்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். பந்துக்கும் கோலுக்கும் இடையே தடுப்பு வீரர் நின்றிருந்தால் புள்ளியைச் சுற்றி வட்டம் போடுங்கள். தலையால் அடித்ததைப் பெருக்கல் குறியாக்குங்கள். அதே இடத்திலிருந்து காலால் அடிப்பதைவிடத் தலையால் அடிப்பது கோலாகும் வாய்ப்பு குறைவு. இப்போது பெனால்டி புள்ளிக்கும் கோலுக்கும் நடுவே, வட்டமோ பெருக்கலோ இல்லாத புள்ளிகளை எண்ணுங்கள். எட்டு, ஒன்பது இருந்தால் கோல்கீப்பரைப் பாராட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு அதே அணியை இறக்கலாம். இரண்டு, மூன்றுதான் என்றால் அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடாதீர்கள்.

கே: முன்வரிசையில் நின்று கோல் அடிக்க வேண்டிய ஸ்ட்ரைக்கர் ஐந்து ஆட்டமாகக் கோல் அடிக்கவில்லை. அவரை உட்கார வைத்தால் என்ன?

ப: வைக்கலாம். அதற்கு முன் 90 நிமிடத்தில் பாக்ஸுக்குள் அவர் எத்தனை முறை பந்தைத் தொட்டார் என்று பாருங்கள். ஆறேழு முறை தொட்டு வீணடித்திருந்தால் அவர் பிரச்சினை. இரண்டே முறை என்றால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் பிரச்சினை. இன்னொன்றும் கவனியுங்கள்: கோலுக்கு முதுகைக் காட்டி அவர் பந்தை வாங்கும் நொடியில், பத்து மீட்டருக்குள் நம் ஆள் யாராவது உண்டா? இல்லையென்றால், பின்னால் நிற்கும் சென்டர்பேக்கை, அதாவது எதிரணியின் நடுத் தடுப்பு வீரரைத் தனியாளாகச் சமாளிக்க வேண்டும், அல்லது வந்த வழியே பந்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். யாரை நிறுத்தினாலும் இதே கதைதான்.

2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியாவிடம் அர்ஜென்டினா 1-2 என்று தோற்றது நினைவிருக்கும். முதல் பாதியில் மட்டும் மூன்று கோல்கள் ஆஃப்சைடு (பாஸ் கிளம்பும்போதே தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றது) என்று ரத்தாயின: மெஸ்ஸி ஒன்று, லௌதாரோ மார்டினெஸ் இரண்டு. போலந்துடனான மூன்றாவது ஆட்டத்தில் லௌதாரோ பெஞ்சில் உட்கார, ஹூலியன் ஆல்வாரெஸ் முன்னால் நின்றார். எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். ஆனால் சவுதியுடனான ஆட்டத்தைத் தொடங்கிய மிட்ஃபீல்டையும் (நடு வரிசையையும்) பயிற்சியாளர் ஸ்கலோனி கலைத்திருந்தார். என்ஸோ ஃபெர்னாண்டஸும் மாக் அலிஸ்டரும் அங்கே வந்திருந்தார்கள். அன்று 2-0. முதல் கோல் மாக் அலிஸ்டர், இரண்டாவது ஆல்வாரெஸ். அந்த இரண்டாவதற்குப் பாஸ் கொடுத்தவர் என்ஸோ. ஸ்ட்ரைக்கரை மட்டும் மாற்றியிருந்தால் அந்தப் பாஸ் எங்கிருந்து வந்திருக்கும்?

கே: எதிரணி பத்துப் பேரையும் பாக்ஸைச் சுற்றி நிறுத்திவிடுகிறது. நம் ஆட்கள் இடமும் வலமுமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். இதை உடைக்க வழியே இல்லையா?

ப: இந்த வாரம் அதிகம் பேர் கேட்டிருப்பது இதுதான். 2018-ல் ரஷ்யாவிடமும் 2022-ல் மொராக்கோவிடமும் பெனால்டி ஷூட்-அவுட்டில் வெளியேறிய ஸ்பெயின், அந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆயிரம் பாஸுக்கு மேல் கொடுத்தது. இரண்டிலும் சேர்த்து 240 நிமிடத்தில் அதன் கணக்கில் ஒரே ஒரு கோல். அதுவும் ரஷ்ய வீரர் தன் வலைக்குள்ளேயே விட்டது.

காரணம் வேகக் குறைவு. ஓடும் வேகம் அல்ல, பந்து கைமாறும் வேகம். ஒவ்வொருவரும் பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, அனுப்ப இரண்டு விநாடி எடுத்தால், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நாலு பேரைத் தாண்டிப் போக எட்டு விநாடி. அதற்குள் தடுப்பு வரிசை பதினைந்து மீட்டர் நகர்ந்தால் போதும். மூச்சு வாங்காமல் நகர்ந்துவிடும். ஆளுக்கு இரண்டே தொடுதலில், மொத்தம் நாலு விநாடியில் பந்து போய்ச் சேர்ந்தால்தான் அந்த வரிசையில் ஒருவர் பிந்துவார், ஓட்டை விழும். இதற்குப் பந்து வருமுன்பே உடலைத் திறந்து நிற்க வேண்டும். பந்து வரும் பக்கத்துக் காலால் அல்ல, மறு காலால் வாங்க வேண்டும். பக்கத்துக் காலால் வாங்குகிறவர் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்த பாஸும் அங்கேயே போகும்.

வேகம் வந்த பிறகு இடம். ஓரத்தில் தாக்கும் விங்கர் பக்கக் கோட்டை ஒட்டி நின்றால் எதிரணி ஃபுல்பேக் (ஓரத் தடுப்பு வீரர்) அவரைத் தேடி வெளியே வந்தாக வேண்டும். அப்போது ஃபுல்பேக்குக்கும் சென்டர்பேக்குக்கும் நடுவே ஒரு சந்து திறக்கும். அந்தச் சந்துக்குள் விங்கர் ஓடக் கூடாது, மிட்ஃபீல்டர் ஓட வேண்டும். அவர் கோல் கோடு வரை போய், பந்தைப் பெனால்டி புள்ளிப் பக்கம் தரையோடு பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். தடுப்பு வீரர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள், பந்து அவர்கள் முதுகுப் பக்கம் போகும். கோல்கீப்பர் முதல் கம்பத்தில், அதாவது பந்து இருக்கும் பக்கத்துக் கம்பத்தில் ஒட்டிக்கொண்டிருப்பார். பந்துக்குப் பின்னால் நின்று வாங்குவதால் ஆஃப்சைடு கிடையாது.

இது எங்கே கெடுகிறது தெரியுமா? விங்கரும் ஃபுல்பேக்கும் மிட்ஃபீல்டரும் மூவருமே ஓரத்தில் குவிந்துவிடுவதில். மூவரும் பந்தைக் கேட்கிறார்கள், உள்ளே ஓட ஆளில்லை.

கே: ஓரத்திலிருந்து பாக்ஸுக்குள் முப்பது கிராஸ் போட்டும் ஒன்றும் நடக்கவில்லையே?

ப: கிராஸ் காலை விட்டுக் கிளம்பும் கணத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். பாக்ஸுக்குள் இரண்டே பேர் இருந்தால் அது கிராஸ் அல்ல, பந்தைத் திருப்பிக் கொடுப்பது. முதல் கம்பம், பெனால்டி புள்ளி, தூரக் கம்பம் என்று மூன்று பேர். தட்டிவிடப்படும் பந்துக்காகப் பாக்ஸ் விளிம்பில் நாலாமவர். போடும் இடமும் முக்கியம். 30 மீட்டர் தொலைவில் ஓரத்தில் நின்று தூக்கிப் போடும் பந்தைத் தடுப்பு வீரர் முன்னோக்கி வந்து முட்டித் தள்ளுவார். அவருக்கு அதைவிடச் சுலபமான வேலை இல்லை.

கே: கோல் தேவைப்படும் கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரையும் மேலே அனுப்புவது சரியா?

ப: எல்லோரையும் என்றால் தவறு. 2018-ல் கஸானில் தென் கொரியாவுடன் ஜெர்மனி ஆடியதை எடுத்துக்கொள்ளுங்கள். 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் ஏற்கெனவே ஒரு கோல் வாங்கிய நிலையில் ஜெர்மன் கோல்கீப்பர் நொயரும் முன்னேறிப் போனார். கொரியப் பாதியில் அவரிடமிருந்து பந்து பறிபோனது. நீளமாக வந்த பாஸை விரட்டிப் பிடித்த சோன், காலியான கோலுக்குள் தட்டிவிட்டார். 0-2.

அந்த நேரத்தில் ஜெர்மனிக்கு இழக்க எதுவும் மிச்சமில்லை, ஆகவே அதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 80-வது நிமிடத்தில் 0-0 என்றிருக்கும்போது இதைச் செய்கிற அணிகள் இருக்கின்றன. தாக்கும்போது ஐந்து பேர் மேலே, ஐந்து பேர் பின்னால்: அந்தப் பின் ஐவரில் இருவர் பாக்ஸுக்கு 20, 25 மீட்டரில் நடுவில் நிற்க வேண்டும். எதிரணி தட்டிவிடும் பந்து விழுவது பெரும்பாலும் அங்கேதான். அதை உடனே மீட்டால் தாக்குதல் தொடரும். விட்டால் நம் ஆட்கள் 60 மீட்டர் திரும்பி ஓட வேண்டும்.

கே: பன்னிரண்டு கார்னர், ஒரு கோல்கூட இல்லை. பயிற்சியே இல்லையா?

ப: நூறு கார்னருக்கு மூன்று, நாலு கோல் வந்தாலே பெரிது. பன்னிரண்டில் ஒன்றும் இல்லாதது வழக்கமான விஷயம்தான். கோலை விட்டுவிட்டு முதல் தொடுதல் யாருடையது என்று எண்ணுங்கள். பன்னிரண்டில் பத்தை எதிரணியே முதலில் தொட்டிருந்தால், போடுகிறவரை மாற்றிப் பாருங்கள்; பெரும்பாலும் பந்து முதல் கம்பத்து ஆளின் தலையைத் தாண்டியே இருக்காது.