அம்மாவுடன் சிங்கப்பூர்: தவணையில் போவதா, தள்ளிப்போடுவதா?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 98,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 8,000 ரூபாய் எஸ்.ஐ.பி. முதலீடு எல்லாம் போக 12,000 ரூபாய் மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 1,90,000 ரூபாயும், மூன்று ஆண்டுகளில் கல்லூரிக்குப் போகவிருக்கும் மகளுக்காக 3 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும் உள்ளன. ஏப்ரலில் 1,20,000 ரூபாய் ஊக்கத்தொகை வரும். காலமான என் அப்பா சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் இருந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது 71 வயதாகும் அம்மாவின் ஆசை. மே விடுமுறையில் ஐந்து பேரும் நான்கு இரவுகள் தங்கிவர ஒரு பயண நிறுவனம் 4,20,000 ரூபாய் கேட்கிறது; 14 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையும் உண்டு என்கிறது. தவணையில் போகலாமா, வைப்புத் தொகையை எடுக்கலாமா, இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: மூன்றும் வேண்டாம். ஆனால் பயணம் வேண்டும், அதுவும் இந்த ஆண்டிலேயே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வழக்கமாக இப்படிக் கேட்பவர்களிடம் பணம் சேரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்லிவிடுவேன். உங்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. 71 வயதில் நடக்க முடிகிற கால்கள் 73 வயதிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போட முடியாது. ஏழு மாதம் மட்டும் பொறுத்து, செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறையில், கடன் இல்லாமல் போய்வர உங்களால் முடியும்.

முதலில் தவணையைப் பார்ப்போம். 4,20,000 ரூபாய்க்கு 14 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறக்குறைய 20,165 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் வட்டி மட்டும் 64,000 ரூபாய் அளவுக்கு வரும், செயலாக்கக் கட்டணம் தனி. வட்டியைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. உங்களிடம் மாதம் மிஞ்சுவது 12,000 ரூபாய்தான். மீதி 8,000 ரூபாய்க்கு எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து நாள் பயணத்துக்காக இரண்டு ஆண்டுச் சேமிப்பை விட்டுக்கொடுத்தது போலாகிவிடும். மகளின் வைப்புத் தொகையை இடையில் எடுத்தால் அதற்குக் கிடைக்கும் வட்டி குறையும் என்பதோடு, மூன்றே ஆண்டுகளில் அதே தொகையை மறுபடி சேர்க்கவும் வேண்டியிருக்கும்.

அடுத்து, 4,20,000 ரூபாயில் என்னென்ன அடங்குகிறது என்று எழுதி வாங்குங்கள். இத்தகைய தொகுப்புகளில் மதிய உணவு, விசா, காப்பீடு ஆகியவை பெரும்பாலும் தனியாகவே இருக்கும். மே மாதம் பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, எந்தத் தொகுப்புப் பயணமும் அம்மாவைச் செம்பவாங்குக்கு அழைத்துப் போகாது. யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்கா வாசலில் மூன்று மணி நேரம் அவரை உட்கார வைத்துவிட்டுத் திரும்புவதற்காகவா இந்தப் பயணம்?

ஆகவே நீங்களே திட்டமிடுங்கள். திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. நான்கரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது. பெட்டிக்கான கட்டணத்தோடு போக வர ஆளுக்கு 20,000 வீதம் விமானச் செலவு 1,00,000 ரூபாய். லிட்டில் இந்தியா பகுதியில் இரண்டு எளிய அறைகளுக்கு இரவுக்கு 220 வெள்ளி வீதம் நான்கு இரவுகளுக்கு 61,600 ரூபாய். விசாவுக்கு அரசு வாங்கும் 30 வெள்ளியோடு முகவர் கட்டணமும் சேர்த்து ஐவருக்கும் 15,000. சாப்பாட்டுக்கு நாளுக்கு 100 வெள்ளி என்றால் ஐந்து நாளுக்கு 35,000. ரயில், டாக்சி 14,000; நுழைவுச்சீட்டுகள் 21,000; காப்பீடு 12,000; வாங்கும் பொருள்களுக்கு 15,000; எதிர்பாராத செலவுக்கு 25,000. மொத்தம் 2,98,600 ரூபாய்.

இந்தத் தொகைக்குள் நிற்க வேண்டுமானால் சாப்பாட்டில் ஒரு கவனம் தேவை. உணவகங்களில் பட்டியலில் உள்ள விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரலாம், உணவங்காடி நிலையங்களில் பலகையில் எழுதியிருப்பதுதான் விலை. தேக்கா சந்தையில் காலையில் தோசையும் இட்லியும் கிடைக்கும், அம்மாவுக்கும் ஒத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் பாட்டில் தண்ணீருக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. தாவரவியல் பூங்கா, மெர்லயன் சிலை, சாங்கி விமான நிலையத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவி, மரீனா விரிகுடாப் பூங்காவின் மாலை ஒளிக்காட்சி ஆகியவற்றுக்குக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்காக மிருகக்காட்சிச் சாலை போல ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் சீட்டு வாங்குங்கள்.

ஒரு முழு நாளை அம்மாவுக்கென்று ஒதுக்குங்கள். வடக்கு-தெற்கு ரயில் தடத்திலேயே செம்பவாங் நிலையம் இருக்கிறது. கடற்படைத் தளத்திலும் பட்டறையிலும் வேலை பார்த்த தமிழர்கள் கும்பிட்ட புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் இப்போது பக்கத்து ஊரான ஈசூனில் உள்ளது. அந்தக் கோயிலைப் பற்றி உங்கள் அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கக்கூடும். அந்த நாளுக்கு ஆகும் செலவு ரயில் கட்டணமும் சாப்பாடும்தான்.

குறைக்கக் கூடாத செலவு காப்பீடு. சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு மருத்துவமனைச் செலவு மிக அதிகம். ஓரிரு நாள் அனுமதியே இந்தப் பயணச் செலவு முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். 70 வயதைக் கடந்தவர்களுக்குப் பல நிறுவனங்கள் காப்பீட்டுத் தொகையைக் குறைப்பதும், ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கி வைப்பதும் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். மறைத்து வாங்கிய பாலிசி, பணம் கேட்கும் நாளில் உதவாது. அவருக்கு மட்டும் பிரீமியம் கூடுதலாக வந்தாலும் தயங்காதீர்கள். எதிர்பாராத செலவுக்கான தொகையிலிருந்து கொடுங்கள்.

பணத்தை எடுத்துச் செல்வதில் வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டும் கொஞ்சம் வெள்ளி நோட்டுகளும் போதும். சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கின்றன. கடையில் இயந்திரம் “ரூபாயிலா, வெள்ளியிலா” என்று கேட்டால் வெள்ளியையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் நஷ்டம். தொகுப்புப் பயணத்தில் விலையோடு சேர்த்து முன்கூட்டியே பிடிக்கப்படும் டி.சி.எஸ். என்ற வரி, வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்படும் என்றாலும் அதுவரை உங்கள் கைப்பணம் முடங்கும். விமானச் சீட்டையும் அறையையும் தனித்தனியே நீங்களே பதிவு செய்தால் அந்தச் சிக்கல் எழாது.

இனி, பணம் எங்கிருந்து? சேமிப்புக் கணக்கில் 1,00,000 ரூபாயை அவசரத் தேவைக்கு அப்படியே விட்டுவிட்டு 90,000 எடுங்கள். ஊக்கத்தொகை 1,20,000. மார்ச் முதல் செப்டம்பர் வரை மாதம் 12,000 வீதம் ஆர்.டி. (தொடர் வைப்பு) கட்டினால் 84,000. ஆக 2,94,000 ரூபாய். குறைவது ஐயாயிரத்துக்கும் கீழே. வாங்கும் பொருள்களில் அதைச் சரிக்கட்டிவிடலாம். எஸ்.ஐ.பி.யும் மகளின் பணமும் அப்படியே இருக்கும்.

ஊக்கத்தொகை வந்ததும் முதல் செலவாக விமானச் சீட்டை வாங்குங்கள். தேதி குறிக்கும் முன், மரீனா விரிகுடாவில் நடக்கும் ஃபார்முலா 1 கார் பந்தயம் எந்த வாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இதே பருவத்தில்தான் வருகிறது, அந்த வாரம் அறை வாடகை ஏறிவிடும். சீட்டு வாங்குவதற்கும் முன்பாக ஐவரின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். சிறுவர்களுக்கு ஐந்து ஆண்டில் காலாவதியாகிவிடும். அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால் அவருடைய ஆதாரிலும் மற்ற ஆவணங்களிலும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் பாட்டியின் பிறந்த ஆண்டு இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருந்ததைத் திருத்தவே மூன்று மாதம் ஆனது. உங்களுக்கு ஏழு மாதம் இருக்கிறது. அந்த வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.